மூக்குச் சதையில் கிரானுலோமா: டிபி மாத்திரையா, ஸ்டீராய்டா, ஆபரேஷனா?

வாசகி கேள்வி: எனக்கு 52 வயது. காரைக்குடிப் பக்கம் கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் போட்டுக் கொடுக்கிறேன். ஊரில் பலகார ஆச்சி என்பார்கள். இரண்டு வருஷமாக மூக்கடைப்பு. காலையில் சிந்தினால் ரத்தம் கலந்த பொருக்கு வருகிறது. வாசனை அறவே போய்விட்டது. பாகு அடிப்பிடித்தால்கூட மருமகள் ஓடிவந்து சொன்னால்தான் தெரிகிறது. மூக்கு நுனி ஆறு மாதமாகக் கறுத்துத் தடித்திருக்கிறது, மூக்குத்தி இறுகுகிறது. முதலில் பார்த்தவர் மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டும் என்றார். அடுத்தவர் சதை எடுத்துப் பரிசோதித்தார். "கிரானுலோமா இருக்கிறது, கேசியேஷன் இல்லை" என்று முடிவு. அதைப் பார்த்த ஒருவர் ஆறு மாதம் டிபி மாத்திரை எழுதினார். இன்னொருவர் சார்காய்டோசிஸ் என்று ஸ்டீராய்டு எழுதினார். எனக்குச் சர்க்கரை உண்டு. அசதிக்கு வாரம் ஒரு வைட்டமின் டி பொட்டலம் போட்டுக்கொள்கிறேன். எதைக் கேட்பது? இது புற்றுநோயா? பேரனுக்கு ஒட்டுமா? வாசனை திரும்புமா?

காது மூக்கு தொண்டை மருத்துவரின் பதில்:

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

உங்கள் கையில் மூன்று சீட்டுகள் இருக்கின்றன. மூன்றையும் இப்போதைக்கு அலமாரியில் வையுங்கள். இரண்டு வருஷமாக மெல்ல வளர்ந்த நோய், சரியான பெயர் தெரிவதற்காகச் சில வாரம் பொறுக்கும். பெயர் தெரியாமல் தொடங்கிய வைத்தியத்தின் சேதத்தைச் சரிசெய்ய அதைவிட நெடுநாள் ஆகும். வைட்டமின் டி பொட்டலத்தை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

பொறுக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. மூக்கிலிருந்து கறுப்பாகப் பொருக்கு வந்தால், கன்னமோ கண்ணோ வீங்கினால், காய்ச்சலோடு கடும் தலைவலி வந்தால், பார்வை மங்கினாலோ இரண்டு இரண்டாகத் தெரிந்தாலோ, முகம் ஒரு பக்கம் கோணினால், குரல் கம்மி மூச்சு இழுத்தால், மயங்கி விழுந்தால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். கறுப்புப் பொருக்கை முதலில் சொன்னதற்குக் காரணம் உங்கள் சர்க்கரை. கட்டுப்பாடில்லாத சர்க்கரை உள்ளவர்களுக்கு மூக்கில் வரும் கருப்புப் பூஞ்சை நோய் ஒருநாள் தாமதத்தைக்கூடப் பொறுக்காது.

இப்போது அந்தப் பரிசோதனை முடிவுக்கு வருவோம். கிரானுலோமா என்பது ஒரு நோயின் பெயர் அன்று. உடம்பால் கரைத்து ஒழிக்க முடியாத ஒன்றைச் சுற்றிப் பாதுகாப்பு அணுக்கள் வளைத்து உட்கார்ந்து முடிச்சுப் போடுகின்றன. நுண்ணோக்கியில் தெரிவது அந்த முடிச்சு. உள்ளே வளைக்கப்பட்டிருப்பது டிபி கிருமியாக இருக்கலாம், தொழுநோய்க் கிருமியாக இருக்கலாம், பூஞ்சையாகவோ வெளியிலிருந்து போன தூசியாகவோ இருக்கலாம். எதுவுமே அகப்படாத முடிச்சுகளும் உண்டு. அப்படிப்பட்ட முடிச்சுகள் உடம்பின் பல இடங்களில் விழுவதுதான் சார்காய்டோசிஸ். கேசியேஷன் என்றால் முடிச்சின் நடுப்பகுதி செத்து, திரிந்த பால் போல நொறுங்கிப்போவது. டிபியில் அது பெரும்பாலும் இருக்கும். ஆனால் மூக்கில் எடுக்கும் துண்டு அரிசி அளவுதான். அந்த அரிசிக்குள் நொறுங்கிய பகுதி அகப்படாமல் போக இடமுண்டு. ஆகவே "கேசியேஷன் இல்லை" என்ற ஒரு வரியை வைத்து டிபி இல்லை என்றும் சொல்ல முடியாது, சார்காய்டோசிஸ்தான் என்றும் சொல்ல முடியாது. இரண்டு மருத்துவர்களும் ஒரே வரியை இரண்டு விதமாகப் படித்திருக்கிறார்கள்.

இருந்தாலும் உங்கள் கடிதத்தில் சார்காய்டோசிஸ் பக்கம் தராசைச் சாய்க்கும் ஒரு விஷயம் இருக்கிறது: மூக்கு நுனி. நுனி, கன்னம், காது மடல் ஆகிய இடங்களில் தோல் தடித்து மினுமினுப்பாக ஊதா நிறம் கொள்வதை லூபஸ் பெர்னியோ என்பார்கள். 1889இல் பாரிஸில் பெனியே என்ற தோல் மருத்துவர் இதை முதலில் விவரித்தார். 1899இல் நார்வேயின் போக் என்பவர், தோல் முடிச்சுகள் நுண்ணோக்கியில் சார்கோமா என்ற சதைப் புற்றுக்கட்டி போலிருந்ததால் சார்காய்டு என்ற சொல்லைப் பயன்படுத்தினார். மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் அந்த ஊதா எளிதில் தெரியாது. கருமையாக, செம்மண் கலந்த பழுப்பாகத் தெரியும். மங்கு என்று நினைத்துக் களிம்பு பூசிக்கொண்டே மாதங்கள் கழிந்துவிடும். மங்கு தட்டையாக இருக்கும், தடிக்காது. தடித்திருந்தால் தோல் மருத்துவர் பார்க்க வேண்டும். வெளியே இந்தத் தடிப்பு இருப்பவர்களுக்கு உள்ளே மூக்கிலும் நோய் இருப்பது அடிக்கடி காணப்படுவது.

மூக்குத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய தழும்பு, குத்திய துளை, பச்சை குத்திய இடம் ஆகியவற்றில் இந்த முடிச்சுகள் வந்து உட்காருவது இந்த நோயின் வழக்கம். துளையைச் சுற்றி வீங்கினால் திருகாணி சதைக்குள் புதைந்துவிடும். இன்னும் கழற்றும்படியாக இருக்கும்போதே கழற்றி வையுங்கள். சி.டி. ஸ்கேனுக்கும் அது இருக்கக் கூடாது. உலோகம் படத்தில் கீற்றுக் கீற்றாக விழுந்து பக்கத்துச் சதையை மறைக்கும். துளை தூர்ந்துவிடுமே என்ற கவலை வேண்டாம், பின்னால் மறுபடி குத்திக்கொள்ளலாம். ஆனால் நோய் அடங்கும் முன் புதுத் துளை கூடாது.

சார்காய்டோசிஸ் உள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நுரையீரலிலோ நெஞ்சின் நெறிக்கட்டிகளிலோ அடையாளம் இருக்கும். மூக்குக்கு வருவது நூற்றில் ஒரு சிலருக்குத்தான். அதனால்தான் சாதாரண சைனஸ் என்றே பல மாதம் போகிறது. எண்டோஸ்கோப் வைத்துப் பார்த்தால் தண்டின் மீதும் கீழ்மடிப்புச் சதையின் மீதும் மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்ன மணிகள் சவ்வுக்கு அடியில் தெரியும்; சவ்வு தடித்து, தொட்டால் ரத்தம் கசியும்; மேலே பொருக்கு. சி.டி. படத்தில் மட்டும் பார்த்தால் எந்த நாள்பட்ட சைனஸ் வீக்கத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

நம் வட்டாரத்தில் இந்த மூக்குக்கு வேறு உரிமைக்காரர்களும் உண்டு. ஊரணியிலும் கண்மாயிலும் குளிப்பவர்களுக்கு வரும் ரைனோஸ்போரிடியோசிஸ் சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளில் பழகிய நோய். மூக்குக்குள் சிவந்த பழம் போலத் தொங்கும், மேலே வெள்ளைப் புள்ளிகள் இருக்கும், ரத்தம் கொட்டும். அதன் வித்துப் பைகள் நுண்ணோக்கியில் பெரிதாகத் தெரிவதால், உங்கள் முடிவில் அது விடுபட்டிருக்க வாய்ப்பு குறைவு. தொழுநோயும் சிலருக்கு மூக்கில் பொருக்காகவும் ரத்தமாகவும் தொடங்கும். கடைசியில் மூக்குத் தண்டு உட்கார்ந்துவிடும். கை கால் மரத்துப்போன இடம், உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தக் குழாய்களை அரிக்கும் ஜி.பி.ஏ. என்ற நோய் மூக்கில் அச்சு அசல் இதே மாதிரி இருக்கும், ஆனால் சிறுநீரகத்தைச் சில வாரங்களில் கெடுத்துவிடக்கூடியது. அதனால் ஆன்கா ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் தவறக் கூடாது. இவை எல்லாவற்றையும் பீனிசம் என்று ஒரே பெயரில் அடக்கி நசியம் விடுவது நம் பக்கம் வழக்கம். நான்கு வெவ்வேறு நோய்க்கு ஒரே மருந்து என்பது எந்த முறை வைத்தியத்திலும் சரியாகாது.

அடுத்து செய்ய வேண்டியது இதுதான். சதை பரிசோதித்த ஆய்வகத்தில் உங்கள் சதை மெழுகுக் கட்டியில் பதித்து வைக்கப்பட்டிருக்கும். பிளாக் என்று கேட்டால் தெரியும். அந்த பிளாக்கும் கண்ணாடித் தகடுகளும் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.  மதுரை அல்லது வேலூர் போன்ற பெரிய மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் துறையில் மறுபடி பார்க்கக் கொடுக்கலாம். டிபி கிருமிக்கு ஒரு சாயம், தொழுநோய்க் கிருமிக்கு பைட் சாயம், பூஞ்சைக்கு வெள்ளிச் சாயமும் பாஸ் சாயமும் ஏற்றிப் பார்த்திருக்கிறார்களா என்று உங்கள் முடிவுத் தாளிலேயே பாருங்கள். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், பெரும்பாலும் செய்யவில்லை என்று அர்த்தம்.

பிளாக்கை வைத்துச் சாயம் ஏற்றலாம், ஆனால் கிருமி வளர்க்க முடியாது. காரணம், சதையைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போட்டவுடனே கிருமிகள் செத்துவிடும். இங்கேதான் அடிக்கடி தவறு நடக்கிறது. எடுத்த துண்டு முழுவதையும் ஒரே ஃபார்மலின் குப்பியில் போட்டுவிடுகிறார்கள். பிறகு டிபி கல்ச்சருக்கு ஒன்றும் மிச்சமில்லை. மறுபடி சதை எடுக்க நேர்ந்தால், எடுக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்: இரண்டு குப்பி வேண்டும், ஒன்று ஃபார்மலின், மற்றது கிருமி நீக்கிய சலைன் என்ற உப்பு நீர். சலைன் குப்பி அன்றைக்கே ஆய்வகம் சேர வேண்டும். அதிலிருந்து டிபி மரபணுச் சோதனையும் (சிபிநாட் என்பார்கள்) கல்ச்சரும் பூஞ்சைக் கல்ச்சரும் செய்யலாம். சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எட்டும் தூரம்தான்; டிபி மரபணுச் சோதனைக்கு அரசுத் திட்டத்தில் கட்டணம் கிடையாது. சிபிநாட் ஒன்றிரண்டு நாளில் வந்துவிடும். ஆனால் சதைத் துண்டில் அது "இல்லை" என்று சொன்னாலும் டிபி முழுக்க விலகிவிடாது. கல்ச்சர் முடிய ஆறு முதல் எட்டு வாரம் வரை ஆகும். துண்டையும் கண்ணுக்குத் தெரியும் மணியிலிருந்தோ தடித்த சவ்விலிருந்தோதான் எடுக்க வேண்டும். நன்றாக இருக்கும் சவ்வில் எடுத்தால் பயனில்லை. பொருக்கை மட்டும் பெயர்த்து அனுப்பினால் அதில் செத்த அழுக்குத்தான் இருக்கும்.

மூக்கில் உள்ள சதைக்கு மூக்குக்கு வெளியிலும் சாட்சி தேட வேண்டும். நெஞ்சுப் படம், அதில் ஐயம் இருந்தால் நெஞ்சு சி.டி. நுரையீரல் வேரின் இரண்டு பக்கமும் நெறிக்கட்டிகள் சமமாகப் பெருத்திருந்தால் சார்காய்டோசிஸுக்குப் பெரிய ஆதாரம். அந்த நெறியிலிருந்து மூச்சுக்குழாய் வழியாக ஊசியால் சதை எடுத்துப் பார்க்கவும் முடியும். ரத்தத்தில் கால்சியம், கிரியேட்டினின், ஈரல் நொதிகள், ஹெச்பிஏ1சி. ஓர் இ.சி.ஜி., ஏனென்றால் இதயத்தின் மின்னோட்டப் பாதையில் முடிச்சு விழுந்தால் திடீர் மயக்கம் வரும். ஏசிஇ என்ற சோதனைக்குப் பணம் செலவழிக்கச் சொல்வார்கள். அது கூடியிருந்தாலும் வேறு நோயாக இருக்கலாம், சரியாக இருந்தாலும் சார்காய்டோசிஸ் இருக்கலாம். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். டிபிக்காகத் தோலில் போட்டுப் பார்க்கும் மான்டூ ஊசிக்கு மதிப்பு கூடுதல். சார்காய்டோசிஸில் தோல் அந்த ஊசிக்குப் பெரும்பாலும் பேசாமல் இருந்துவிடும். நம் நாட்டில் வயது வந்தவர்களில் பலருக்குத் தடிக்கும் ஊசி இது. நன்றாகத் தடித்தால் டிபியை மறுபடி தேட வேண்டும்.

கண் பரிசோதனையை "எனக்குக் கண் நன்றாகத்தானே இருக்கிறது" என்று தள்ளாதீர்கள். கண்ணின் உள்படலத்தில் வரும் அழற்சி, சிவப்போ வலியோ இல்லாமலேயே பார்வையைத் தின்னும். ஸ்லிட் லேம்ப் கருவியில், பாவையை விரித்துப் பார்க்க வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் இந்த அழற்சிகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் விளக்கிவிடுகிறேன். உள்ளே டிபி இருந்து, ஸ்டீராய்டு கொடுத்தால் முதல் மாதம் மூக்குத் திறந்து பிரமாதமாக இருக்கும். வீக்கம் வற்றுவதால் வரும் சுகம் அது. அதன் அடியில் கிருமி பரவும். பூஞ்சை இருந்தால் இன்னும் மோசம். சரி, ஆறு மாதம் டிபி மாத்திரை போட்டுப் பார்த்துவிடுவோமே என்றால், அதிலும் சிக்கல்: சார்காய்டோசிஸ் தானாகவே கூடிக் குறையும் நோய். மாத்திரை நாளில் தற்செயலாகக் குறைந்தால் டிபிதான் என்று முடிவாகிவிடும், இரண்டு வருஷம் கழித்துத் தண்டில் ஓட்டை விழுந்த பிறகுதான் உண்மை தெரியும். ஈரலுக்கு ஆபத்து தனி. ஆதாரத்தோடு டிபி என்று வந்தால் தயங்காமல் முழுக் கெடுவும் மாத்திரை சாப்பிடுங்கள். ஆதாரமில்லாத "சோதனை மாத்திரை"தான் வேண்டாம் என்கிறேன்.

ஆபரேஷன் சீட்டு பற்றி எனக்கு ஐயமே இல்லை: இந்த நிலையில் மூக்குத் தண்டைத் தொடவிடாதீர்கள். தண்டு ஓரளவு வளைந்திருப்பது எத்தனையோ பேருக்கு உண்டு. உங்கள் அடைப்புக்கு அது காரணமாக இருக்க வேண்டியதில்லை. தண்டின் குருத்தெலும்புக்கென்று சொந்த ரத்தக் குழாய் கிடையாது. இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் சவ்விலிருந்துதான் அது ஊட்டம் பெறுகிறது. வளைவை நிமிர்த்தும் ஆபரேஷனில் அந்தச் சவ்வை உரித்துப் பிரிக்க வேண்டும். முடிச்சுகள் நிறைந்த சவ்வு மறுபடி ஒட்டி ஆறாது. குருத்தெலும்பு பட்டினி கிடந்து செத்து ஓட்டை விழும். மூச்சு விட்டால் விசில் சத்தம் வரும், ஓட்டையின் விளிம்பில் பொருக்கு இன்னும் கூடும். ஓட்டை பெரிதானால் மூக்கின் நடுப்பாகம் குதிரைச் சேணம் போல உட்கார்ந்துவிடும். சைனஸ் வாய் அடைத்துச் சீழ் கட்டினால் எண்டோஸ்கோப்பால் அதைத் திறந்துவிடலாம். அதையும் மருந்தால் நோய் அடங்கிய பிறகு செய்ய வேண்டும், அதனால் அடைப்பு குறையுமே தவிர நோய் போகாது.

சார்காய்டோசிஸ் என்று உறுதியானால் வைத்தியத்தில் பாதி உங்கள் கையில், தினமும் மூக்கைக் கழுவுவதில் இருக்கிறது. பெயர் உறுதியாகும் முன்பேகூட இதைத் தொடங்கலாம், எந்த நோயானாலும் கேடில்லை. 1 லிட்டர் தண்ணீரைக் கொதி வந்த பிறகும் சில நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடி ஆறவையுங்கள். ஊரணித் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர் எதையும் கொதிக்கவைக்காமல் மூக்கில் விடக் கூடாது. குடித்தால் வயிற்று அமிலம் கொல்லும் சில கிருமிகள் மூக்கு வழியாக மூளைக்குப் போய்விடும். அந்த 1 லிட்டருக்கு 9 கிராம் உப்பு. உங்களிடம் மாவு நிறுக்கும் தராசு இருக்கும், அதில் நிறுத்தே போடுங்கள். தேக்கரண்டிக் கணக்கென்றால் தலைதட்டிய பொடி உப்பு ஒன்றரைக் கரண்டி. கல் உப்பு கரண்டிக்குக் கரண்டி மாறும். ஆப்ப சோடா அரைக் கரண்டி சேர்த்தால் எரியாது, பொருக்கும் இளகும். உப்பு குறைந்தாலும் கூடினாலும் எரியும், எரிந்தால் நீங்களே விட்டுவிடுவீர்கள். அதனால்தான் அளவை இவ்வளவு வற்புறுத்துகிறேன். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

மருந்துக்கடையில் மூக்குக் கழுவும் பிளாஸ்டிக் குப்பி கிடைக்கும், 240 மில்லி பிடிக்கும். தண்ணீர் கைக்கு இளஞ்சூடாக இருக்கட்டும். வாஷ்பேசினில் நன்றாகக் குனிந்து, வாயைத் திறந்து "ஆ" என்று சொல்லிக்கொண்டே மெதுவாக அழுத்துங்கள். ஒரு துளையில் விட்டது மறு துளை வழியாகவோ வாய் வழியாகவோ வரும். பக்கத்துக்கு 120 மில்லி. காலையும் மாலையும். வேகமாக அழுத்தினால் காது அடைத்துக்கொள்ளும். கழுவியதும் பலமாகச் சிந்தினாலும் அப்படியே. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சைனஸில் நின்ற தண்ணீர் படுத்ததும் தொண்டையில் இறங்கி இருமல் வரும். குப்பியை வெந்நீரில் அலசிக் கவிழ்த்துக் காயவைத்து, 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பொருக்கை விரலாலோ கொண்டை ஊசியாலோ பெயர்க்காதீர்கள், அடியிலுள்ள சவ்வும் கூடவே உரியும். நல்லெண்ணெயைப் பஞ்சில் தொட்டு மூக்கு வாசலில் தடவலாம். அண்ணாந்து சொட்டுச் சொட்டாக விட்டால் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கித் தங்கிவிடும். கடையில் வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் பயன்படுத்தினால், மருந்தே அடைப்பை உண்டாக்கும். ரத்தம் கசிந்தால் தலையை முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற கீழ்ப்பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடித்திருங்கள். அண்ணாந்து படுத்தால் ரத்தம் தொண்டைக்குப் போகும்.

கழுவி 15 நிமிடம் கழித்து மருத்துவர் எழுதிய ஸ்டீராய்டு ஸ்பிரே. வலது கையால் இடது துளைக்கும், இடது கையால் வலது துளைக்கும் அடியுங்கள். அப்போதுதான் குழாய் முனை தண்டைப் பார்க்காமல் கண்ணின் வெளிக்கோடியைப் பார்க்கும். ஒரே கையால் இரண்டு பக்கமும் அடிப்பவர்களுக்கு மருந்து முழுவதும் தண்டில் ஒரே இடத்தில் பட்டு அங்கே புண்ணாகிவிடும். ஸ்பிரே எட்டாத ஆழத்துக்கு, புடசோனைடு மருந்தைக் கழுவும் தண்ணீரிலேயே கலந்து விடுவதும் உண்டு. அளவை உங்கள் மருத்துவர் எழுத வேண்டும். ஒன்றிரண்டு மணிகள் மட்டும் இருந்தால் அவற்றுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடலாம்.

இவை போதாதபோதுதான் பிரெட்னிசோலோன் மாத்திரை. பெரும்பாலும் தினம் 20 முதல் 40 மில்லிகிராமில் தொடங்கி, சில வாரம் கழித்துப் படிப்படியாக 10க்கும் அதற்குக் கீழும் இறக்கி, மொத்தம் ஒரு வருஷம் போல நடக்கும். காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரே வேளையாகப் போட வேண்டும். உங்களுக்கு முக்கியமான சேதி: காலையில் போட்ட மாத்திரை சர்க்கரையை மத்தியானத்துக்கு மேல்தான் ஏற்றும். வெறும் வயிற்றில் பார்த்தால் 110 என்று சாதுவாக இருக்கும். மாலை 4 மணிக்குப் பார்த்தால் 300ஐத் தாண்டியிருக்கும். எனவே மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்தும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் பார்த்து எழுதி வையுங்கள். தொடங்கும் நாளிலேயே சர்க்கரை மருத்துவருக்குத் தெரிவித்து, சர்க்கரை மருந்தை மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். முகூர்த்த மாதத்தில் வேலை மும்முரத்தில் மாத்திரை தீர்ந்துபோனதைக் கவனிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

சர்க்கரை இருப்பதால் உங்களுக்கு ஸ்டீராய்டை விரைவில் குறைக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைச் சேர்க்க வாய்ப்பு அதிகம். வாரத்துக்கு ஒரே நாள், 10 முதல் 15 மில்லிகிராம். தினமும் என்று தவறாகச் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை அழிந்து சாவில் முடியும். கிழமையைக் குறித்து, நாள்காட்டியில் மருமகள் கையெழுத்துப் போடட்டும். ஃபோலிக் அமிலம் வேறு நாளில். ரத்த அணு, ஈரல், சிறுநீரகச் சோதனைகள் தொடக்கத்தில் அடிக்கடியும் பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும். பலன் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும். மூக்குத் தோலுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயினும் நன்றாக உதவும். எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல், விழித்திரைச் சோதனையோடு. எதற்கும் மசியாத லூபஸ் பெர்னியோவுக்கு இன்ஃப்ளிக்சிமாப் ஊசி இருக்கிறது. அதற்கு முன் உறங்கிக் கிடக்கும் டிபி இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

வைட்டமின் டி விஷயம் இதுதான். உணவிலும் வெயிலிலும் கிடைக்கும் வைட்டமின் டியைச் சிறுநீரகம் தேவைக்கு ஏற்ப அளந்துதான் வீரியமாக்கும். சார்காய்டோசிஸ் முடிச்சுகளுக்கு அந்த அளவு கிடையாது. கிடைத்ததை எல்லாம் வீரியமாக்கிவிடும். ரத்தத்தில் கால்சியம் ஏறி, மலச்சிக்கல், தாகம், குழப்பம், அசதி, சிறுநீரகக் கல் என்று போகும். அசதிக்குப் போட்ட 60,000 யூனிட் பொட்டலமே அசதியைக் கூட்டும். இதைவிட நுட்பமான தவறு ஒன்று: ஸ்டீராய்டு எழுதும்போது எலும்புக்காகக் கால்சியம், டி மாத்திரைகளைக் கூடவே எழுதுவது எல்லா இடத்திலும் பழக்கம். உங்களுக்கு அப்படி எழுதினால், ரத்தக் கால்சியம் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். கால்சியம் சரியாக இருந்தால் பால், மோர், தயிருக்குத் தடையில்லை. கூடியிருந்தால் மொட்டைமாடியில் வற்றல் வடகம் காயப்போட்டு வெயிலில் உட்கார்ந்து காவல் காப்பதையும் நிறுத்த வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

சார்காய்டோசிஸ் புற்றுநோய் அன்று. ஒட்டாது, பேரன் அப்பத்தாவின் மடியில் தாராளமாக உட்காரலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். ஆனால் டிபி இல்லை என்று முடிவாகும்வரை, இருமல் இருந்தால், சளிப் பரிசோதனை வரும் வரையிலும் கொஞ்சம் விலகியிருங்கள். எத்தனை நாளில் போகும் என்றால், நெஞ்சில் மட்டும் இருக்கும் சார்காய்டோசிஸ் பலருக்கு இரண்டு வருஷத்துக்குள் தானே அடங்கிவிடும். மூக்கிலும் மூக்குத் தோலிலும் வந்தது அப்படி இல்லை; அடங்கும், மருந்தைக் குறைத்தால் தலைதூக்கும். சர்க்கரையை நடத்திக்கொண்டு வருவது போல நெடுநாள் நடத்த வேண்டியிருக்கும் என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

வாசனைக்கு உறுதி கொடுக்க முடியாது. வீக்கமும் பொருக்கும் காற்றை மேலே போகவிடாமல் தடுப்பதால் போன வாசனை, அடைப்பு திறந்ததும் திரும்பும். வாசனை நரம்பு இருக்கும் மேற்கூரைச் சவ்விலேயே முடிச்சு விழுந்திருந்தால் முழுதாகத் திரும்பாமல் போகலாம். வைத்தியம் தொடங்கி 3 மாதத்தில் ஓரளவு தெரிந்துவிடும்.

அதுவரை அடுப்படியில் சில மாற்றங்கள். கேஸ் கசிந்தால் உங்களுக்குத் தெரியாது. சத்தம் போடும் கேஸ் கசிவு அலாரம் ஒன்றை வாங்கி, சிலிண்டர் இருக்கும் இடத்தில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்டுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன் கதவைத் திறந்துவிட்டு, வாசனை பார்க்க மருமகளைக் கூப்பிடுங்கள். மிளகாய் வறுப்பதும் மாவு சலிப்பதும் வேறொருவர் செய்யட்டும். முடியாதபோது முகக்கவசம் போட்டு, முடிந்ததும் ஒருமுறை மூக்கைக் கழுவிக்கொள்ளுங்கள். விறகடுப்புப் புகை இந்தச் சவ்வுக்கு ஆகாது. அதிரசப் பாகுக்கு மூக்கை நம்பாமல், தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கும் பதத்தை நம்புங்கள். எண்ணெய் காறியிருக்கிறதா, தேங்காய் சிக்கலடித்துவிட்டதா என்பதை ஒவ்வொரு வேளையும் இன்னொருவர் மோந்து பார்த்துச் சொன்ன பிறகே சட்டியில் ஊற்றுங்கள்.